தராசை எங்கள் கண்முன்னால் வையுங்கள்



குண்டசாலைப் பக்கம் நத்தரம்பொத்தையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பிஸ்கட்டை நமது பிள்ளைகளுக்குத் தெரியும். சம்பள நாளில் கடையில் வாங்கி மடியில் முடிந்துகொண்டு வரும் சாமான்களில் அதுவும் ஒன்று. அந்தத் தொழிற்சாலைக்காரர் சின்னசாமி முத்தையாவின் நான்கு ஆண் மக்களில் மூத்தவர், 1972 ஏப்ரல் 17ஆம் திகதி பிறந்த முத்தையா முரளிதரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை எடுத்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எம்மிடம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், முரளி நம்ம ஆளா?" இந்த மாதத் தலையங்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம். கொழுந்து நிறுப்புப் பற்றி எழுதாமல் கிரிக்கெட் பற்றி எழுதுகிறார்களே என்று நினைக்க வேண்டாம். கடைசியில் மடுவத்துக்குத்தான் வந்து சேருவோம்.

ஆம், நம்ம ஆள்தான். முரளியின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். நமது பாட்டன் பாட்டிமார் எந்தக் கப்பலில், எந்தப் பாதையில் வந்தார்களோ அதே வழிதான். பிற்காலத்தில் அவர் பெண் மக்களுடன் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட்டார். ஆண் மக்கள் இங்கேயே நின்றார்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்று பிரிந்த குடும்பம் எந்த லயத்தில்தான் இல்லை?

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முரளி லயத்தில் வளர்ந்தவர் அல்லர். அவருடைய தகப்பனார் தலைமுறையிலேயே அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறி, தொழில் தொடங்கி, காலூன்றிவிட்டது. காலூன்றினாலும் நிம்மதியாக இருக்க விட்டார்களா? 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் அவர்களுடைய தொழிற்சாலை எரிக்கப்பட்டது. முரளிக்கு அப்போது வயது ஐந்து. அதே நாட்களில் நம்மவர்கள் எத்தனை குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள் என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். முத்தையா குடும்பம் போகவில்லை. திரும்பக் கட்டினார்கள். மூத்த பையனை ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்த்தார்கள்.

அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முரளியின் மணிக்கட்டைப் பற்றி எழுதாத பத்திரிகை கிடையாது. 'கடவுள் கொடுத்த கை' என்றெல்லாம் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தக் கை பதின்மூன்று, பதினான்கு வயது வரை மிதவேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோதான் "நீ சுழல் பந்து போட்டுப் பார்" என்று சொல்லி மாற்றினார். ஒரு பெரியவர் மைதானத்து ஓரத்தில் நின்று, ஒரு பையனின் கையைப் பல நாள் கவனித்துச் சொன்ன ஒரு யோசனை அது. 1990/91 பருவத்தில் அந்தப் பையன் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து, நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் ஆனான். பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம். பெயரில்தான் யூனியன், சந்தா கட்டும் நமது யூனியன் அல்ல! 1992 ஆகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட்.

அந்தத் திகதியை இன்னொரு திகதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1948இல் நமது பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு நம்மைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதிப் பேரின் கணக்கை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. முரளி 400 விக்கெட்டை எட்டியது 2002 ஜனவரியில். அதாவது, தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன் இந்த நாட்டின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு 400 பேரை ஆட்டமிழக்கச் செய்த பிறகும், நமது லயங்களில் நாடற்றவர் என்ற பெயரோடு ஆட்கள் இருந்தார்கள். அவர் பந்து போடும்போது ரேடியோவைச் சுற்றி நின்று கைதட்டியவர்களில் வாக்குச் சீட்டு இல்லாதவர்களும் இருந்தார்கள்.

இனி அந்தக் கைக்கு வருவோம்.

முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. பந்தை விடும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு அவர் கையை மடக்கி எறிகிறார் என்று தோன்றும். 1995 டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ன் மைதானத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை 'நோ போல்' என்று கை நீட்டினார். கிரிக்கெட்டில் எறிகிறவன் என்று சொல்வது, தோட்டத்தில் கொழுந்துக் கூடைக்குள் கல் போட்டவள் என்று சொல்வதற்குச் சமம். பிழைப்பும் போகும், பெயரும் போகும். முரளி மறுமுனைக்கு மாறிப் பந்து போட்டார். அங்கே நின்ற நடுவருக்கு அதே கை, அதே பந்து குற்றமாகத் தெரியவில்லை! பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் என்ற இன்னொரு நடுவர் மறுபடியும் நோ போல் சொன்னார்.

ஒரே கை. ஒரு கண்ணுக்குக் குற்றம், ஒரு கண்ணுக்குச் சரி. இப்படியான தீர்ப்பை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம் அல்லவா?

மடுவத்தில் பார்த்திருக்கிறோம். காலைக் கொழுந்தைக் கொட்டி வைத்திருப்போம். சாக்குக்கு இத்தனை கிலோ, தண்ணிக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார்கள். மழை நாளில் தண்ணிக் கழிவு என்றால் விளங்குகிறது. வெயில் நாளிலும் கழித்தால்? கொழுந்தைத் தொட்டுப் பார்க்காமல், கண்ணால் பார்த்து 'முத்தல்' என்று ஒதுக்கினால்? நாளைக்கு இத்தனை கிலோ என்று போட்ட அளவுக்கு ஒன்றிரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று அரைப்பேர் போடுவார்கள். குறைந்தது கொழுந்தா, கழிவா என்று கேட்டால், "நான் பார்க்கிறேன்தானே" என்பார்கள். அதேதான் மெல்பேர்னில் நடந்தது. "நான் பார்த்தேன், அதனால் குற்றம்." விளையாட்டைத் தொழிற்சங்கக் கண்ணால் பார்க்கிறார்கள் என்று யாராவது சிரிக்கலாம். எமக்கு வேறு கண் இல்லை.

இதற்கு முரளி என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அவர் அழுது விலகவில்லை, சண்டித்தனமும் செய்யவில்லை. "அளந்து பாருங்கள்" என்றார். 1996இல், உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன், மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவரது கையைக் கெமராக்களுக்கு நடுவே வைத்து ஆராய்ந்தார்கள். எறிவது போலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்று முடிவு வந்தது. அடுத்த சில வாரங்களில், மார்ச் 17ஆம் திகதி, லாகூரில் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணியில் அவரும் நின்றார்.

அதோடு விட்டார்களா? 1999 ஜனவரி, அடிலெய்ட், இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டி. அதே எமர்சன் மறுபடி நோ போல் சொன்னார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நடுவருக்கு முன்னால் போய் நின்று விரல் நீட்டிப் பேசினார். பிறகு முழு அணியையும் கூட்டிக்கொண்டு எல்லைக் கோட்டருகே போய் நின்றுவிட்டார். ஆட்டம் நின்றது. கொழும்புக்குத் தொலைபேசி பறந்தது. பேச்சு நடந்தது. முரளி பந்து போடலாம் என்ற நிலை வந்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. 303 ஓட்டம் தேவைப்பட்ட அந்த ஆட்டத்தில் மஹேல ஜயவர்த்தன 120 ஓட்டம் அடிக்க, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது.

இதை என்னவென்று சொல்வது? எங்கள் அகராதியில் இதற்குப் பெயர் வேலை நிறுத்தம். ஒருவருக்கு அநியாயம் நடந்தபோது பதினொரு பேரும் கருவியைக் கீழே வைத்தார்கள். தலைவர் சிங்களவர், பாதிக்கப்பட்டவர் தமிழர். அந்த நேரத்தில் நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரணதுங்கவுக்குப் போட்டிக் கட்டணத்தில் 75 சதவீதம் அபராதம் விழுந்தது. அவர் மைதானத்தில் செய்தது மரியாதையான காரியமா என்று இன்றும் சிலர் விவாதிக்கிறார்கள். மரியாதையாக நின்று கேட்டு எதைப் பெற்றோம் என்று நமது பெரியவர்களிடம் கேட்டால் நீண்ட பதில் வரும். ரணதுங்க பின்னாளில் செய்த அரசியல் வேறு கதை. அன்றைக்கு அந்தப் பதினைந்து நிமிடம் போல அவர் நின்றதை நாம் மறக்க மாட்டோம்.

2004இல் மூன்றாவது தடவை. இம்முறை 'தூஸ்ரா' என்ற பந்து. அளந்தபோது கை 14 பாகை நிமிர்ந்தது. அந்தக் கால விதிப்படி சுழல் பந்து வீச்சாளருக்கு 5 பாகைதான் அனுமதி. வேகப்பந்து வீச்சாளருக்கோ 10 பாகை. அந்த ஆண்டு மே மாதம் அவுஸ்திரேலியப் பிரதமரே முரளி எறிகிறவர் என்று வாய் திறந்து சொன்னார். அடுத்து வந்த அவுஸ்திரேலியச் சுற்றுப் பயணத்துக்கு முரளி போகவில்லை. ஆனால் வீட்டில் இருந்துவிடவும் இல்லை. முழங்கை மடங்கவே முடியாதபடி இரும்புச் சட்டம் வைத்த வார்ப்பு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கெமரா முன் மூன்று விதப் பந்துகளையும் போட்டுக் காட்டினார். இரும்புக்குள்ளும் பந்து திரும்பியது.

அப்போது இன்னொன்றும் நடந்தது. முரளியை அளந்த கருவியால் மற்றவர்களையும் அளந்தார்கள். ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளர்களின் கையும் ஏதோ ஓர் அளவுக்கு நிமிர்கிறது என்று தெரிய வந்தது. யாரும் சந்தேகிக்காத, பார்வைக்கு அழகாகப் பந்து போடும் ஆட்கள்கூட எழுதி வைத்த அளவைத் தாண்டியிருந்தார்கள். அவர்களைப் பார்த்து யாரும் நோ போல் சொன்னதில்லை. யாரும் அளந்ததும் இல்லை. 2005இல் விதி மாறியது. எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை. முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. சட்டம் வளைக்கப்படவில்லை. முதல் தடவையாக எல்லோரையும் ஒரே தராசில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

கணக்குகளை வேகமாகச் சொல்லிவிடுவோம், பிள்ளைகள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 16 விக்கெட். 2007 டிசம்பர் 3ஆம் திகதி நமது கண்டி அஸ்கிரியவில் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டை எடுத்து, ஷேன் வோர்னின் 708ஐத் தாண்டினார். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் தனது கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800. மொத்தம் 133 டெஸ்ட். ஒருநாள் போட்டிகளில் 534. எட்டு விக்கெட் தேவை என்று தெரிந்துகொண்டே, இதுதான் கடைசி ஆட்டம் என்று முன்கூட்டியே அறிவித்தவர் அவர். இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினால் நிம்மதியாக எடுத்திருக்கலாம். அந்தத் துணிவை நாம் ரசிக்கிறோம்.

விளையாடி முடித்தவர் கற்றுக்கொடுக்கப் போனார். 2014இல் அவரை அழைத்துச் சுழல் பந்து சொல்லிக்கொடுக்கக் கேட்டது யார் தெரியுமா? அவுஸ்திரேலியா! போனார், சொல்லிக்கொடுத்தார். ஐதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராக இருந்தபோது அந்த அணி 2016இல் ஐ.பி.எல். கிண்ணத்தை வென்றது. சுனில் பெர்னாண்டோ ஒரு பையனுக்குச் செய்ததை அவர் பல பையன்களுக்குச் செய்கிறார்.

பொதுத் தொண்டிலும் அவர் பெயர் உண்டு. 2004 ஜூனில் உலக உணவுத் திட்டத்தின் தூதராகப் பாடசாலைப் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசினார். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வகுப்புக்கு வந்து பத்து மணிக்குத் தலை சுற்றி விழும் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கும் நமக்கு அது வெறும் தூதர் பதவியாகத் தெரியாது. அந்த ஆண்டுக் கடைசியில் சுனாமி வந்தபோது தென்பகுதி சீனிகமையில் குஷில் குணசேகரவின் நிறுவனத்தோடு சேர்ந்து நிவாரணத்திலும் மீள்கட்டுமானத்திலும் நின்றார். யுத்தம் முடிந்த பின் வடக்கில் அவர் பெயரில் கிரிக்கெட் போட்டிகள் நடந்தன.

இங்கே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சீனிகமைக்குச் செய்தார், வடக்குக்குப் போனார், தோட்டத்துக்கு என்ன செய்தார்? தேர்தல் காலத்தில் அவர் நின்ற மேடைகளும், யுத்த முடிவைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளும் தமிழர்கள் பலரின் மனத்தைப் புண்படுத்தின. 2020இல் அவரது வாழ்க்கைப் படமான '800'இலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலகும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்ததும், பிறகு வேறொரு நடிகருடன் 2023இல் படம் வெளிவந்ததும் தெரிந்ததே. அவருடைய அரசியல் நமது அரசியல் அல்ல. அவர் ஆதரித்தவர்களை நாம் ஆதரிக்கவில்லை. இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரு மனிதன் பிள்ளைப் பருவத்தில் வீட்டில் நெருப்பைப் பார்த்துவிட்டு, அதன் பின் எல்லா ஊருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்தான் என்பதையும் விளங்கிக்கொள்ள முடிகிறது. விளங்கிக்கொள்வது வேறு, உடன்படுவது வேறு.

தோட்டத்துக்கு அவர் என்ன செய்தார் என்பதைவிட, தோட்டத்தில் ஒரு முரளி பிறந்தால் நாம் என்ன செய்வோம் என்பதே எம்மை உறுத்துகிறது. முரளி போல மணிக்கட்டு நமது பிள்ளைகளுக்கு இல்லையா? விடிந்தது முதல் பொழுது சாயும் வரை இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். கை இருக்கிறது. மைதானம் எங்கே? கூட்டிப் பார்த்தால் தோட்டத்துக்கு ஒரு பெரட்டுக்களம், கோயில் முற்றம், பாதை வளைவு. இருந்த மைதானத்தில் கட்டடம் எழும்பிய தோட்டங்களும் உண்டு. விளையாட்டுக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் கணித ஆசிரியர்தான் விசில் ஊதுகிறார். பெண் பிள்ளைகளோ பதின்மூன்று வயதோடு மைதானத்தை விட்டு விறகுக்கும் தண்ணீருக்கும் போய்விடுகிறார்கள். முரளியின் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறியதால் அவருக்கு ஒரு மைதானமும் ஒரு சுனில் பெர்னாண்டோவும் கிடைத்தார்கள். வெளியேறினால்தான் கிடைக்கும் என்பதை நாம் ஏற்றுக்கொள்ளத் தயாரில்லை. குண்டசாலைப் பிரதேசத்திலேயே பல்லேகலையில் சர்வதேச மைதானம் இருக்கிறது. அதற்கு முரளியின் பெயரை வைப்பதென்று 2010இல் மத்திய மாகாண சபை தீர்மானித்தது. ஊர் வாயில் அது இன்னும் பல்லேகலைதான். பெயர் வைப்பதைப் பற்றி எமக்குப் பெரிய கவலை இல்லை. அதன் விளக்கு வெளிச்சம் தெரியும் தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓடித் திரிய ஒரு சமதரை வேண்டும்.

எனவே தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிமாருக்கும் இரண்டு வேலை தருகிறோம்.

முதலாவது, உங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்தை நாடாப் பிடித்து அளந்து, நீளம் அகலம் எழுதி, அது யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற விபரத்தோடு அனுப்புங்கள். பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் எழுதுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு எடுத்துப் போக எமக்குக் கணக்கு வேண்டும்.

இரண்டாவது, மடுவத்துத் தராசு. தராசுகளைப் பரிசோதித்து முத்திரை வைப்பதற்கென்று அரசாங்கத்தில் அளவீட்டு அலகுகள் திணைக்களம் இருக்கிறது. உங்கள் தராசில் முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டு முத்திரை, நிறுக்கும்போது எண் பறிக்கிறவருக்குத் தெரியும்படி இருக்கிறதா, கழிவு எத்தனை கிலோ, அது துண்டில் எழுதப்படுகிறதா என்று ஒரு கிழமைக்குக் கவனித்து, நாள்வாரியாகக் கொப்பியில் குறியுங்கள். யாரோடும் சண்டை வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாகையும் கிலோவும் தெரியும். கொப்பிகளை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.